எச்சில் மிச்சம்

பல் டாக்டரின் கிளினிக்கில் அவளை எல்லோரும் ஆவி அக்கா என்று கூப்பிட்டார்கள். பேய் பிசாசு சமாச்சாரம் ஒன்றும் இல்லை. பல் பிடுங்கும் குறடு, சொத்தையைச் சுரண்டும் கொக்கி, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, நீராவி மிஷினில் வைத்து எடுப்பதுதான் அவள் வேலை. கிளினிக்கின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. மிஷினைத் திறக்கும்போதெல்லாம் ஆவி குப்பென்று முகத்தில் அடிக்கும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த வரவேற்பறைப் பெண் ஒருநாள் கதவைத் திறந்து, புகைக்கு நடுவில் வெள்ளை அங்கியோடு நின்றவளைப் பார்த்து அலறிவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

சுத்தத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. குறட்டின் பல்லிடுக்கில் தூசி அளவு ரத்தம் காய்ந்திருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். அதைவிட அவள் மூக்கு பொல்லாதது. சரியாகக் கழுவாத தட்டை முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவாள். "அக்கா மூக்கு இருக்கறவரைக்கும் நமக்கு லேப் டெஸ்ட்டே வேண்டாம்" என்பார் டாக்டர்.

அப்பேர்ப்பட்டவள் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைத் திறந்தால், துணி காயப்போடும் கம்பியில் ஒரு பழைய காலுறை தொங்கும். அவள் கணவனுடையது. குதிகால் ஓட்டையை முடிச்சுப் போட்டு அடைத்திருக்கும். உள்ளே, தேய்ந்துபோன சோப்பின் கடைசித் துண்டுகள். பச்சை, ரோஸ், வெள்ளை என்று எல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டி, நடுநடுவே தலைமுடி சுருண்டு, ஒரு சாம்பல் நிறக் கட்டியாக இருக்கும். அதை நனைத்துப் பிசைந்தால் நுரை மாதிரி ஏதோ வரும். அந்த வீட்டில் முகம் கழுவுவதும் அதில்தான், கால் கழுவுவதும் அதில்தான்.

எடுத்த எடுப்பிலேயே இப்படி இருந்ததில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

அவள் கணவன் மின்சார ஆபீஸில் வேலை பார்த்தான். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து ரீடிங் குறித்துக்கொண்டு வருவான். தெருவில் அவனுக்கு மீட்டர் என்றே பெயர். கல்யாணமான புதிதில் ஒற்றை அறை, ஓரத்தில் ஒரு அடுப்புமேடை, இவ்வளவுதான் அவர்கள் குடித்தனம். சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிட வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆசைப்பட்டார்கள். சேர்ந்துதான் சிக்கனம் பிடித்தார்கள்.

அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. பருப்பைக் காலையிலேயே ஊறவைத்துவிட்டால் சீக்கிரம் வெந்துவிடும், கேஸ் மிச்சம் என்று அவன் சொன்னான். பாத்திரத்தை மூடிவைத்து, கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டால் மிச்சத்தை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும் என்று அவள் சொன்னாள். சந்தை கலைகிற நேரம் பார்த்துக் காய் வாங்கினார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள். பசியோடு போனால் கை கண்டதையும் எடுக்கும். படுக்கை விரிப்பு நடுவில் நைந்துபோனபோது அவள் அதை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஓரம் இரண்டையும் நடுவில் சேர்த்துத் தைத்தாள். இன்னொரு விரிப்பு வாங்காமல் நாளை ஓட்டினார்கள். "உன்னைக் கட்டிக்கிட்டதே எனக்குப் பெரிய சேமிப்பு" என்று அவன் அந்தத் தையலைத் தடவிப் பார்த்துச் சொன்னான். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

வீடு வாங்கினார்கள். மகள் பிறந்தாள். கடனைத் தவணைக்கு முன்பே அடைத்தார்கள். பேங்கிலிருந்து பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்த அன்று, இனிமேல் கொஞ்சம் மூச்சுவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

"அப்பாடா. இனிமே நல்ல டவல் நாலு வாங்கணுங்க" என்றாள்.

"இனிமேதான் கவனமா இருக்கணும்" என்றான் மீட்டர். "இத்தனை நாளும் மிச்சம் புடிச்சது பேங்குக்காரனுக்கு. இனிமே புடிக்கிறது நமக்கு."

அங்கேதான் பிடி இறுகியது.

அவனுடைய வேலையும் ஒரு காரணம். நாள் முழுக்க ஊரார் மீட்டர்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு வருவான். ஆளில்லாத அறையில் விசிறி சுற்றியதை, பட்டப்பகலில் வாசல் விளக்கு எரிந்ததை, கண்ணால் கண்ட கொலையைச் சொல்வதுபோல் சொல்வான். அந்த வீட்டுக்காரர்கள்மேல் இருக்கிற ஆத்திரமெல்லாம் இந்த வீட்டின்மேல் இறங்கும். முதலில் கழிவறை. சிறுநீர் கழித்தால் உடனே தண்ணீர் ஊற்றக்கூடாது. மூன்று பேரும் போனபிறகு ஒரே தடவையாக ஊற்ற வேண்டும். அதற்கும் நல்ல தண்ணீர் கிடையாது. குளித்த தண்ணீரைப் பிடித்துவைக்க ஒரு பெரிய வாளி வைத்தான். மூன்று பேர் அழுக்கும் அதில் சேர்ந்து, மேலே ஆடை படர்ந்து, வெயில் நாளில் புழு நெளியும். குளியலறையில் ஈரத்துக்கும் மேலாக ஒரு நாற்றம் குடியேறிவிட்டது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. தேய்க்க அவன் தருவதும் அந்த வாளித் தண்ணீரைத்தான்.

அப்புறம் ஃபிரிட்ஜ். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது அதை அணைத்துவிடுவான். "ஆளே இல்லாத வீட்டுல அது யாருக்குக் குளிர் காட்டுது?" என்பான். சாயங்காலம் திறந்தால் உள்ளே வெதுவெதுவென்று இருக்கும். பால் திரிந்திருக்கும். மீன் விரலால் தொட்டால் குழையும். மீன் பொரித்த எண்ணெயைக் கொட்டவிடமாட்டான். வடிகட்டி, மறுபடி பொரித்து, மறுபடி வடிகட்டி, கடைசியில் அது தார் மாதிரி கறுத்து, நூல்நூலாக இழுபடும். போட்ட டீத்தூளைச் சமையலறை ஜன்னல் ஓரத்தில் பேப்பரில் பரப்பிக் காயவைப்பான். ஈ உட்காரும். காய்ந்ததும் டப்பாவில் தட்டிக்கொள்வான்.

அவள் சண்டை போடாமல் இல்லை. "இது சிக்கனம் இல்லீங்க, அசிங்கம்" என்று சொல்லிப் பார்த்தாள். கத்திப் பார்த்தாள். அவன் திருப்பிக் கத்தமாட்டான். அதுதான் அவனோடு பெரிய கஷ்டம். புத்தி மட்டான குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொல்வான். "அழுக்குங்கிறது கண்ணுல இருக்கு. எச்சில்ங்கிறது மனசுல இருக்கு. கொதிக்க வெச்சா எல்லாம் ஒண்ணுதான். நீ தெனமும் கொதிக்க வைக்கிறவதானே?" அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்து விளக்கை அணைத்துவிடுவான்.

ஒருநாள் மாடி வீட்டு டீச்சர் வந்திருந்தார். நல்ல வெயில். அவள் ஆரஞ்சு ஜூஸ் ஊற்றிக் கொடுத்தாள். டீச்சர் பாதி குடித்துவிட்டு, போன் வந்ததால் அவசரமாக எழுந்து போய்விட்டார். டம்ளர் விளிம்பில் உதட்டுச் சாயம் பிறை மாதிரி படிந்திருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் மீட்டர் அதை எடுத்து, பாட்டில் வாயில் வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் திருப்பி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"வீணாப்போகுது."

"அவங்க வாய் வெச்சுக் குடிச்சது!"

"பாட்டிலுக்கு என்ன தெரியப் போகுது?"

அந்தப் பாட்டிலை எப்படியாவது கவிழ்த்துவிட வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். அதற்குள் அவனுடைய அக்கா வந்துவிட்டார். அவன் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தான். நாத்தனார் வெயிலில் வந்த தாகத்துக்கு மடக்மடக்கென்று குடித்துவிட்டு, "நல்லாருக்குடா. நீ காசு செலவு பண்ணி இதெல்லாம் வாங்குவேன்னு நான் நெனைக்கவே இல்ல" என்று தம்பியின் முதுகைத் தட்டினார். அவன் பெருமையாகச் சிரித்தான். இப்போது சொன்னால் நாத்தனார் வாந்தி எடுப்பார், ரகளையாகும், மானம் போகும் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து ஒன்று நடந்தது. அவள் மூக்கு மெல்ல மெல்ல மழுங்கியது. காலுறைச் சோப்பைக் கையில் எடுக்கும்போது முன்பெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பிறகு பிடிக்க மறந்தாள். பிறகு அதில் முகமே கழுவினாள். மல்லுக்கு நின்று களைத்துப்போன மனுஷிக்கு அதுவும் ஒரு நிம்மதி மாதிரி இருந்தது.

மகளால் அப்படி முடியவில்லை. அவள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். வீட்டுக்குத் தோழிகளை அழைத்து வருவதை நிறுத்தினாள். அப்புறம் வீட்டில் சாப்பிடுவதைக் குறைத்தாள். ஒருநாள் தலை ஈரமாக, வாசனையாக வந்து நின்றாள்.

"எங்கடி குளிச்சே?"

"அவ வீட்டுல." பள்ளிக்கூடத் தோழியைச் சொன்னாள்.

"ஏன், நம்ம வீட்டுல தண்ணி வரலையா?"

மகள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். "என் பக்கத்துல உக்கார்ற பொண்ணு இடம் மாறிட்டாம்மா. மிஸ் கேட்டதுக்கு, போர்டு தெரியலன்னு சொன்னா. அவளுக்கு நல்லாத் தெரியும். நான் நாறுறேன்."

"அப்படியெல்லாம் இல்லடி."

"உனக்கு வாசனையே தெரியலையாம்மா? நெஜமாவே தெரியலையா?"

தெரியவில்லை. அதுதான் உண்மை. மகளின் பழைய சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். துணி மாதிரிதான் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் கிளினிக்கில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். இளம் வயது, கெட்டிக்காரர், நோயாளிகளிடம் சிரித்துப் பேசுகிறவர். வாடகையை ஏற்றிவிட்டார்கள், புது எக்ஸ்ரே மிஷினுக்குத் தவணை கட்ட வேண்டும், கையைக் கடிக்கிறது என்றார்.

"அக்கா, இந்த எச்சில் உறிஞ்சற டியூப் இருக்கே, ஒரு நாளைக்கு எவ்வளவு தூக்கிப் போடறோம்னு பாத்தீங்களா?"

பல் வேலை நடக்கும்போது நோயாளியின் உதட்டோரம் கொக்கி மாதிரி மாட்டிவைக்கிற பிளாஸ்டிக் குழாய் அது. எச்சில், ரத்தம், அரைத்த பல்லின் தூள் எல்லாவற்றையும் சர்ரென்று இழுத்துக்கொள்ளும். ஒரு ஆளுக்கு ஒன்று. வேலை முடிந்ததும் குப்பைக்குப் போக வேண்டியது.

"நம்ம மிஷின்ல வெச்சா சுருங்கிடும் டாக்டர். அது சூடு தாங்காது."

"மிஷின்ல வேண்டாம். மருந்துத் தண்ணில ஊறப்போட்டுக் கழுவிடுங்க. பாக்கப் புதுசு மாதிரிதான் இருக்கும். நீங்க கழுவினா அதுல என்ன இருக்கப் போகுது?"

பழைய ஆவி அக்காவாக இருந்தால் அந்த இடத்திலேயே முடியாது என்றிருப்பாள். இவள் தலையை ஆட்டினாள். எச்சில்ங்கிறது மனசுல இருக்கு என்று காதுக்குள் யாரோ பொறுமையாகச் சொன்னது மாதிரி இருந்தது. அதோடு நிற்கவில்லை. குழாயின் முனையில் ஒரு சின்ன மூடி உண்டு. அதன் அடியில்தான் சாப்பாட்டுத் துணுக்குகள் மாட்டும். ஊசியால் நெம்பி எடுக்க வழி கண்டுபிடித்தாள். உள்ளே விட்டுத் தேய்க்க, பால் பாட்டில் கழுவுகிற மெல்லிய பிரஷ் ஒன்றைக் கொண்டுபோனாள். டாக்டர் அசந்துபோனார். "எங்கக்கா கத்துக்கிட்டீங்க இதையெல்லாம்?"

வீட்டில் வந்து சொன்னாள். மீட்டர் டீயை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "பாத்தியா? படிச்ச டாக்டரே என் வழிக்கு வந்தாச்சு" என்றான். வெகு நாளைக்கு அப்புறம் அவன் அவளைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிற்பாடு, நடந்ததிலெல்லாம் அவளுக்கு நினைக்கவே கூசியது அந்தச் சிரிப்புதான்.

அப்படிச் சில வாரங்கள் ஓடின. மகளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. பள்ளிக்கூடம் முடிந்து நேராகக் கிளினிக்குக்கு வரச்சொன்னாள். டாக்டர் அவளை நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, சொத்தையைப் பார்த்தார். ஆவி அக்கா வழக்கம்போல் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கழுவிய குழாய்கள் ஒரு நீலத் துணியில் வரிசையாகக் கிடந்தன. கை பழக்கத்தில் ஒன்றை எடுத்தது.

டாக்டர் அவள் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, ரொம்ப அன்பாகச் சொன்னார்: "அக்கா, நம்ம பொண்ணுக்குப் புதுசு பிரிச்சுக்கோங்க."

அவள் புதுசைப் பிரித்தாள். உறை கிழிந்த சத்தம் கேட்டது. மகள் வாயைத் திறந்தாள். வேலை முடிந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு மகள் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். டாக்டர் கையுறையை மாற்றிக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்றார்.

அடுத்தது ஒரு பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டை, தோளில் இன்னும் கழற்றாத பை. ஷிப்ட்டுக்கு நடுவில் ஓடிவந்திருந்தார். கன்னம் வீங்கியிருந்தது. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, யாரும் சொல்லாமலே வாயைத் திறந்துவிட்டார். ஏகப்பட்ட வலியில் இருந்த மனுஷர். பயந்த குழந்தை மாதிரி இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்திருந்தார்.

அவள் கையில் கழுவிய குழாய் ஒன்று இருந்தது. விளக்கு வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. பிளாஸ்டிக்குக்கு உள்ளே, பிரஷ் எட்டாத வளைவில், வெளிர் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. யாரோ ஒருவரின் ரத்தம். மூடிக்கு அடியில் மஞ்சளாக ஒரு பொட்டு. அந்தக் கணத்தில் அவளுக்கு மூக்கு திறந்துகொண்டது. ஒரே வீச்சில் எல்லா நாற்றமும் வந்தது. குழாய்களிலிருந்து அழுகிய ஈறு வாடை. தன் கையிலிருந்து காலுறை வாடை. தன் உடம்பிலிருந்து, அங்கிக்கு அடியிலிருந்து, அந்த வாளி. அவள் வாயைப் பொத்திக்கொண்டு பின்னறைக்கு ஓடி, கழுவும் தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்தாள். நிமிர்ந்தாள், மறுபடி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, நீலத் துணியை நாலு மூலையும் சேர்த்துப் பிடித்து, அத்தனை குழாய்களையும் அப்படியே குப்பைத்தொட்டியில் கவிழ்த்தாள்.

டாக்டர் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார். "அக்கா, என்ன ஆச்சு உங்களுக்கு? பேஷண்ட் பாக்கறாரு."

"என்னால முடியாது டாக்டர்."

"நீங்கதானே இவ்வளவு நாளாக் கழுவினீங்க? யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"ஆச்சா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்? அவங்க வாயைத் துடைச்சுக்கிட்டுப் போய்ட்டாங்க."

"எல்லா இடத்துலயும் இப்படித்தான்க்கா நடக்குது. நான் ஒண்ணும் கொலை பண்ணல."

"அப்ப ஏன் டாக்டர் என் பொண்ணுக்குப் புதுசு எடுக்கச் சொன்னீங்க?"

டாக்டர் முகம் சிவந்தது. "அது... உங்க மேல இருக்கற மரியாதையில."

"அந்த மரியாதைதான் டாக்டர் குமட்டுது" என்றாள் அவள். "நானும் எடுத்தேன் பாருங்க. சந்தோஷமா எடுத்தேன்."

அன்றைக்குக் கண்டக்டருக்குப் புதுசுதான் பிரித்தார்கள். அவள் மிஷினைத் துடைத்து மூடி, அங்கியை மடித்து வைத்துவிட்டு, குழாய்களை மறுபடி கழுவ ஆரம்பித்தால் சுகாதார ஆபீஸுக்கே போவேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவர் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. எத்தனை வாய்கள் என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, பயந்து நிறுத்திக்கொண்டாள்.

மகளோடு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது, வாசலிலேயே நின்றுவிட்டாள். வருஷக்கணக்காக இந்தக் காற்றையா இழுத்துவிட்டுக்கொண்டிருந்தோம் என்றிருந்தது. மகள் பஞ்சைக் கடித்தபடியே அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப தெரியுதாம்மா?"

"தெரியுது."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். ஜன்னல்களை எல்லாம் திறந்தார்கள். வாளியைச் சாய்த்தாள், அடியில் வண்டல் சதை மாதிரி வழுக்கி இறங்கியது. காலுறையைக் குச்சியால் தூக்கிக் கவரில் போட்டாள். எண்ணெய்ச் சட்டியைத் தாளில் துடைத்துத் துடைத்து, தாள் தீர்ந்து, பழைய துணியால் துடைத்தாள். ஃபிரிட்ஜைக் காலி செய்து சுவிட்சைப் போட்டாள். அது சந்தேகத்தோடு தொண்டையைச் செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. கடைக்குப் போய் ஒரு புது சோப்பு வாங்கிவந்து மகளிடம் கொடுத்து, "போய் முழுசாக் குளி. கதவைச் சாத்திக்கிட்டுக் குளி" என்றாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் நிற்காமல் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

மீட்டர் வந்தான். உள்ளே காலை வைத்ததும் முதலில் கேட்டது ஃபிரிட்ஜ் சத்தம். "யாரு போட்டது இதை?" என்றான். அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஜன்னல் ஓரம், அடுப்புமேடை, குளியலறைக் கம்பி. அவன் முகம் திருட்டுப்போன வீட்டைப் பார்க்கிறவன் முகம் மாதிரி ஆனது.

"எண்ணெய்?"

"கொட்டிட்டேன்."

"சோப்பு?"

"குப்பையில இருக்கு."

"பைத்தியம் புடிச்சிடுச்சா உனக்கு?"

கிளினிக்கில் நடந்ததைச் சொன்னாள். மகளுக்கு மட்டும் புதுசு எடுத்ததைச் சொன்னாள். வேலையை விட்டதையும் சொன்னாள். கடைசி வார்த்தை மட்டும்தான் அவன் காதில் விழுந்தது.

"வேலைய விட்டுட்டியா? அதுவும் விட்டுட்டு, இங்க வந்து இதையும் கொட்டினியா? நான் யாருக்காக இப்படி வாயக் கட்டி வயித்தக் கட்டி..."

"உங்க வாயையா கட்டினீங்க?" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "நீங்க ரீடிங் எடுக்கப் போற வீட்டுல எல்லாம் குடிக்கத் தண்ணி கேப்பீங்க. ஆபீஸ்லயே பாத்ரூம் போயிட்டு வருவீங்க. அக்கா வீட்டுல கை நனைச்சுட்டு வருவீங்க. இந்த வாளித் தண்ணியோட இருந்தது நானும் அவளும்தான். மிச்சம் புடிச்சது நீங்க, நாறினது நாங்க. அவ பக்கத்துல உக்கார ஒரு பொண்ணு பயப்படுது, தெரியுமா உங்களுக்கு?"

அவனுக்குத் தெரியாது. மகளைப் பார்த்தான். அவள் தலைத் துண்டோடு குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, "தண்ணிய நிறுத்தினியா?" என்றான்.

மகள் சிரித்துவிட்டாள். சிரிப்பில் சந்தோஷம் எள்ளளவும் இல்லை.

ஆவி அக்கா தீர்மானமாகச் சொன்னாள். சமையலறையும் குளியலறையும் இனி என் பொறுப்பு. பருப்பை ஊறவைப்பேன், விளக்கை அணைப்பேன், கிழிந்ததைத் தைப்பேன், கணக்காக வாங்குவேன். அதிலெல்லாம் குறை வைக்கமாட்டேன். வாயில் போவதிலும் உடம்பில் படுவதிலும் ஒரு பைசா பிடிக்க விடமாட்டேன். இது பிடிக்காவிட்டால் நீங்கள் தனி, நாங்கள் தனி.

அவன் கோபித்துக்கொண்டு போவான், அல்லது இறங்கி வருவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் இரண்டும் செய்யவில்லை. "தனின்னா எப்படி?" என்று கேட்டான். தனக்கென்று ஒரு அலமாரித் தட்டு, தனி எண்ணெய், தனி டீத்தூள், தனிச் சோப்பு என்றால் தன் பங்கு இன்னும் குறையும் என்று கணக்குப் போட்டுவிட்டான். அவளைவிட்டு ஒரே வீட்டுக்குள் பிரிவதில் அவனுக்கு லாபம் தெரிந்தது. மறுநாள் காலை அவள் குப்பையைக் கீழே கொண்டுபோகையில், அவன் படியடியில் பெரிய குப்பைத்தொட்டிக்குள் கையை விட்டு, முட்டை ஓட்டுக்கும் காய்த்தோலுக்கும் நடுவே காலுறையைத் தேடிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "பாதிக்கு மேல அப்படியே இருக்கு" என்றான்.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கிருமி நீக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே மிஷினே ஒரு அறை அளவு. மகள் பள்ளிக்கூடத்தில் ஒரு தோழியை வீட்டுக்கு அழைத்து வந்தாள், அப்புறம் இன்னொருத்தியை. சிக்கனத்தில் ஆவி அக்கா சொன்ன சொல் தவறவில்லை. வாரத்துக்கு ஒரே தடவை கடை, மிஞ்சிய சோற்றுக்கு அன்றே ஒரு வழி, வெயில் அடிக்கிற நாளில் துணி துவைப்பு. கையில் கொஞ்சம் சேரவும் செய்தது. டவல் வாங்கினாள்.

மீட்டரும் காலப்போக்கில் கொஞ்சம் மாறினான். அவனுடைய அலமாரித் தட்டிலிருந்த எண்ணெய் யாருக்கும் தெரியாமல் ஒருநாள் காணாமல் போனது. அவள் சமைத்ததையே சாப்பிட ஆரம்பித்தான். தனியாகப் பொங்கித் தின்பது அலுத்துப்போயிருக்க வேண்டும். பிறகு தனிச் சோப்பும் போனது. கழிவறையில் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினான். ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான், அவ்வளவுதான்.

மாறாதது அவள்தான். அவன் கை பட்ட டம்ளரை எடுக்க முடியவில்லை. அவன் தலை வைத்த தலையணைப் பக்கம் திரும்ப முடியவில்லை. நியாயமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். வயிறு நியாயம் கேட்பதாக இல்லை.

"அப்பாவ உனக்குப் பிடிக்கலையாம்மா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"பிடிக்காம என்ன. நல்ல மனுஷன்தான். குடியில்ல, அடியில்ல."

"அப்புறம்?"

"அருவருப்பு வந்தாச்சுடி. கோபம்னா போயிடும். இது போக மாட்டேங்குது."

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மகள் பரீட்சைக்குப் போயிருந்தாள். மீட்டர் வேலைக்கு லீவு போட்டான். அவன் லீவு போட்டு யாரும் பார்த்ததில்லை. அவள் தொண்டை வறண்டு தண்ணீர் கேட்டாள். அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். படுக்கையிலிருந்தே அவளுக்குப் பாத்திரம் கழுவும் தொட்டி தெரியும். அவன் அவள் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "பாரு, சோப்புப் போட்டுத்தான் கழுவறேன். புது சோப்பு" என்றான். உள்ளும் புறமும் விரலைவிட்டுச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தான். வெந்நீர் ஊற்றிக் கொண்டுவந்து, துண்டால் பிடித்துக் கொடுத்தான். நெற்றியில் கை வைக்க வந்து, வைக்காமல் எடுத்துக்கொண்டான்.

அவள் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு டம்ளரை வாயில் வைத்தாள். குடித்துவிட வேண்டும் என்றுதான் வைத்தாள். முதல் மடக்கிலேயே நாக்கில் சோப்பு வழுக்கியது. தேய்த்ததெல்லாம் சரி. அலசுகிற தண்ணீரில் மிச்சம் பிடித்திருந்தான்.

அவள் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தொட்டிக்குப் போய் குழாயை முழுக்கத் திறந்து, டம்ளரை அலசினாள், வேறு தண்ணீர் பிடித்தாள், நின்றபடியே குடித்தாள். அவன் பக்கத்தில் வந்து நின்றான். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கை அதை மூடப் போகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே குடித்தாள்.